கச்சான் காற்றில் தரையிறக்கம்: மூக்கைத் திருப்பியா, இறக்கையைச் சாய்த்தா?

ஆனி, ஆடி மாதங்களில் இராமநாதபுரம் கரையில் அடிக்கும் கச்சான் காற்று, பனை வரிசைகளையும் சவுக்குத் தோப்புகளையும் தாண்டி வரும்போது தரைக்கு அருகே தாறுமாறாகக் குலைகிறது. உச்சிப்புளி ஓடுபாதை கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளத்துக்குரியது, அது பயிற்சி மாணவர்களுக்கான இடமன்று. எனினும், சிறு பயிற்சி விமானத்தை மாணவர் எந்த முறையில் இறக்குவது நல்லது என்பதற்கு, இக்காற்றை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓடுபாதைக்கு 30 பாகைச் சாய்வில் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் வீசி, இடையிடையே 30 நாட்டுக்கு எகிறினால், குறுக்குக்காற்று, அதாவது ஓடுபாதைக்குக் குறுக்கே தள்ளும் பகுதி, 10 முதல் 15 நாட் வரை இருக்கும். பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவைத்த காற்று வேக வரம்பே மணிக்கு 58 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 31 நாட்தான். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் சோதித்துக் காட்டப்பட்ட குறுக்குக்காற்று 15 நாட். செஸ்னா 152-இல் 12 நாட். விமானக் கையேடு இவற்றைக் கட்டாய வரம்பாகச் சொல்லவில்லை. ஆனால் மாணவர் இவற்றை வரம்பாகவே கொள்வது நல்லது.

கிராப் முறையில் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, இறக்கைகளைச் சமமாக வைத்து, நீரோட்டத்தைக் குறுக்கே கடக்கும் வள்ளம்போல நடுக்கோட்டிலேயே வரலாம். உயரத்தில் இது சுகமான முறை. சிக்கலெல்லாம் கடைசி நொடியில்தான்: சக்கரம் தொடுவதற்குச் சற்று முன் ரட்டரை (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் சுக்கான்) மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். சீரான காற்றில் அந்த நேரக்கணக்கு பழகிவிடும். விட்டுவிட்டு அடிக்கும் காற்றிலோ, நேராக்கிய பின் விமானம் தரையைத் தொடாமல் மிதந்தால் அது ஓரத்துக்கு ஒதுங்கும். முந்தித் தொட்டால் சக்கரக் கால்கள் பக்கவாட்டு அடியைத் தாங்க நேரும்.

இறக்கையைச் சாய்க்கும் முறையில், காற்று இடப்புறமிருந்து வந்தால் இடது இறக்கையைத் தாழ்த்தி, வலது ரட்டரால் மூக்கை நேராகப் பிடிக்க வேண்டும். முதலில் இடது சக்கரம், பிறகு வலது, கடைசியில் மூக்குச் சக்கரம் என்று இறங்கும். இழுவை கூடுவதால் கொஞ்சம் பவர் சேர்க்க வேண்டும். கையும் காலும் எதிரெதிராக வேலை செய்வது தொடக்கத்தில் சங்கடமாகவும் இருக்கும். ஆனாலும் மாணவருக்கு இதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் இது உண்மையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது: 200 அடியில் ரட்டரை முழுமையாக மிதித்தும் மூக்கு நேராக நிற்கவில்லையென்றால், அந்த ஓடுபாதை அன்றைக்கு ஆகாது என்று தெரிந்து, கோ அரவுண்ட் செய்ய, அதாவது இறங்காமல் மீண்டும் மேலேற, நேரமிருக்கும். கிராப் முறையில் அதே செய்தி இரண்டடி உயரத்தில்தான் கிடைக்கும். 300 அடிவரை கிராப்பில் வந்து, அங்கிருந்து சாய்வுக்கு மாறுவது இரண்டின் நன்மையையும் தரும்.

ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறக்கும் மடல்) விஷயத்தில் அதிக யோசனை தேவையில்லை. ஓடுபாதை நீளம் இடங்கொடுக்கும்வரை குறைவாக வைப்பதே மேல். 172எஸ் கையேடு, 20 பாகைக்கு மேல் ஃபிளாப் இறக்கியிருக்கையில் செங்குத்தான சறுக்கலை, அதாவது இறக்கையை மிகவும் சாய்த்து எதிர் ரட்டர் கொடுப்பதை, தவிர்க்கச் சொல்கிறது. இறங்கிவரும் வேகத்தில், சாதாரணக் காற்றுக்கும் எகிறலுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை, இங்கே 5 நாட்டை, கூட்டிக்கொள்ள வேண்டும். சக்கரம் தொட்ட பின் ஏலரானை (இறக்கையைச் சாய்க்கும் கட்டுப்பாடு) விட்டுவிடக் கூடாது. வேகம் குறையக் குறைய அதைக் காற்றுப் பக்கம் முழுமையாகத் திருப்பிக்கொண்டே போவது இரு முறைக்கும் பொது.