கம்பெனி கேசட்டா, பதிந்து வாங்கும் கேசட்டா?

எண்பதுகளில் இளையராஜா பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்கு இரண்டு வழி: இசைக் கம்பெனியே பாட்டுப் போட்டு விற்கும் கம்பெனி கேசட் வாங்கலாம், அல்லது பாட்டுப் பட்டியல் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, வெற்று கேசட்டில் பதிந்து வாங்கலாம்.

கம்பெனி கேசட்டில் பிடித்தது மூன்றே பாட்டு என்றாலும் மீதியையும் சுமக்கணும். உறையில் பாடகர், கவிஞர் பெயர் இருக்கும். அதற்காகவே வாங்கியவர்கள் உண்டு.

பதிவில் கணக்குதான் முக்கியம். சி-60 என்றால் மொத்தம் 60 நிமிட கேசட், பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் 27. ஏழாவது பாதியில் நின்றுவிடும். தொடக்கத்தில் சில விநாடி வெறும் நாடா ஓடும், அதைச் சுற்றி விடாமல் பதிந்தால் முதல் பாட்டின் தலை போச்சு. கடைக்காரர் பாட்டை எடுக்கும் எல்பி இசைத்தட்டில் கீறல் இருந்தால் அதுவும் இலவசமாக வரும்.

சி-90 ஆசை வேண்டாம். நாடா மெல்லிசு, பிளேயரின் ரப்பர் உருளையில் அழுக்கேறினால் சுற்றிக்கொள்ளும். சிக்கினால் இழுக்காமல், ஆறுபட்டைப் பென்சிலைச் சக்கரத்தில் செருகி மெல்லச் சுற்றணும்.

பதிந்ததும் மேல் விளிம்பின் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தம்பி அதன்மேல் கிரிக்கெட் வர்ணனையைப் பதிந்துவைப்பான். மனம் மாறினால் ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் போதும், மறுபடி பதியலாம்.

பாட்டு வெறியருக்கு சி-60 பதிவுதான்.