மருந்தகக் கோப்பில் இருந்த ஒரே ஒரு சொல், எனக்கு 6,380 வெள்ளி நட்டம்

இப்போதுதான் மருந்தகத்திலிருந்து வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நான்கு மாதம் முன் மகள் நிமோனியாவில் ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தாள். அரசின் அடிப்படைக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் தந்தது போக மீதி 6,380 வெள்ளியைத் தர முடியாதென்று எங்கள் தனியார் காப்புறுதியில் கைவிரித்துவிட்டார்கள். ஆஸ்துமா இருந்ததை நாங்கள் மறைத்தோமாம்! அவளுக்கு ஏது ஆஸ்துமா?

2013 ஜூனில், சிங்கப்பூர்ப் புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான பிஎஸ்ஐ 401 வரை போன அந்த வாரம், ஒன்பது வயதுப் பிள்ளை இருமி இருமித் துவண்டுபோனாள். யீஷூனில் எங்கள் புளோக் கீழே உள்ள மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் நீல இன்ஹேலர் தந்து, "புகையாலதான்மா, ஒரு வாரத்துல சரியாயிடும்" என்றார். என் மாமியாரைக் கடைசிவரை பார்த்தவர். அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? சொன்னபடியே சரியானது. அதோடு இன்ஹேலரைத் தொட்டதில்லை. ஆனால் கோப்பில் "ஆஸ்துமா" என்று எழுதிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊதவைத்துச் சோதிக்கவில்லை, பிறகு திரும்பிப் பார்க்கவும் இல்லை.

இப்போது நிபுணரிடம் ஊதிப் பார்த்தாயிற்று. மருந்துக்கு முன், பின் இரண்டும் சாதாரணம். அது மட்டும் போதாது என்று, மெத்தகோலின் என்ற மருந்தை உள்ளிழுக்கவைத்து மூச்சுக்குழாய் சுருங்குகிறதா என்று பார்க்கும் சோதனையும் செய்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. அந்தச் செலவு தனி.

அறிக்கையோடு மருந்தகத்துக்கு நடந்தேன். முதல் தடவை, "டாக்டர் லீவு, ஆன்ட்டி." அடுத்து, "சிஸ்டம் மாறிடுச்சு, பழசு தெரியாது." தெரியாததை வைத்தா என் 6,380 வெள்ளி போனது? இன்று டாக்டரே வந்து, "அது அன்னைக்கு என் மருத்துவ அபிப்பிராயம், மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அபிப்பிராயத்தைத் திருத்தச் சட்டம் கட்டாயப்படுத்தாதாம். புது அறிக்கையைக் கோப்பில் சேர்க்கக்கூடவா முடியாது?

பிள்ளைக்கு இன்ஹேலர் தந்தால் என்ன நோயென்று எழுதினீர்கள் என்று அங்கேயே கேளுங்கள். காப்புறுதிப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் மருந்தகப் பதிவை வாங்கிப் படியுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேறு நிறைய எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. காப்புறுதிக்கு மேல்முறையீடு எழுத வேண்டும். அங்கும் மறுத்தால், காப்புறுதித் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஃபிட்ரெக் நிலையத்துக்குப் போவேன். 6,380 வெள்ளியை விடப்போவதில்லை.