கீழமாசி வீதிப் பக்கம் நான் மாதச் சாமான் வாங்கும் மளிகைக் கடை

மதுரை கீழமாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தக் கடை. கீழே ஒரு குறையும் சொல்லியிருப்பதால் பெயர் போடவில்லை. ஆறு வருடமாக எங்கள் வீட்டு மாதச் சாமான் இங்கேதான். பருப்பு வகைகள் சுத்தமாக இருக்கும், கல் பொறுக்க வேண்டியதில்லை. ராமநாதபுரம் முண்டு மிளகாய் வத்தலை இவர்கள் காய வைத்துத் தருகிற பக்குவத்துக்கு வேறு எங்கும் நான் வாங்கியதில்லை. விலை மட்டும் பெரிய கடைகளைவிடக் கிலோவுக்கு அஞ்சு பத்து கூடத்தான் இருக்கும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது சரக்கைப் பற்றி இல்லை, அங்கே பேசுகிற விதத்தைப் பற்றி.

முதல் நாள் போய் முழுப் பாசிப்பயறு கேட்டேன். அண்ணாச்சி தராசிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்து, “உடைச்ச பருப்பு நல்லதா வந்திருக்கும்மா, முழுசு வியாழக்கிழமை வண்டியில இறங்குது” என்றார். வீட்டுக்கு வந்து பையைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது, அந்த மனிதர் ‘இல்லை’ என்ற சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை. ஆனாலும் என்ன இருக்கிறது, என்ன இல்லை, எப்போது வரும் என்று மூன்று விஷயமும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம் இன்னொரு பெரிய கடையில் இதே பயறைக் கேட்டபோது போனிலிருந்து தலையைத் தூக்காமல் “ஸ்டாக் இல்ல” என்றார்கள். அதுவும் உண்மையான பதில்தான், இருந்தாலும் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது மாதிரி கூசிப்போய் வெளியே வந்தேன்.

இந்தப் பேச்சு நேற்று வந்தது இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்கிற முதல் இயலிலேயே இதற்கு ஒரு விதி இருக்கிறது. கேட்ட பொருள் இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் அந்தப் பொருளையே சொல்லாமல் அதற்கு இனமான வேறு பொருளைச் சொல்லி மறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். உரைகாரர்கள் அதற்குக் காட்டுகிற எடுத்துக்காட்டும் கடைவீதிதான்: “பயறு உளவோ வணிகீர்?” என்று கேட்டால் “உழுந்து அல்லது இல்லை” என்று பதில். கல்லூரியில் தமிழ் எடுத்துப் படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்து அதோடு மறந்துபோன விதி அது. கீழமாசி வீதியில் ஒரு பயற்று மூட்டைக்கு முன்னால் அது உயிரோடு நிற்கிறதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. அண்ணாச்சி தொல்காப்பியம் படித்தவர் இல்லை, அவருடைய அப்பா கடையில் பொட்டலம் மடித்துப் பழகியவர்.

நம் வீடுகளிலும் இது உண்டு. அம்மா அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டார், பானை நிறைஞ்சிருக்கு என்பார். விளக்கை அணை என்று சொன்னால் கோபம் வரும், குளிர வை என்றுதான் சொல்ல வேண்டும். விருந்துக்குப் போன இடத்தில் வேண்டாம் என்று சொல்லாமல் “இருக்கட்டும்”, “இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்” என்கிறோம், கிளம்பும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. எல்லாம் எதிராளியின் முகம் சுண்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான், கூடவே மங்கலம் குறித்த நம்பிக்கையும் கலந்திருக்கிறது. இந்தக் கடையிலும் காலையில் முதல் போணி ஆகும் வரை கடைப் பையன்கூட ‘இல்லை’ என்ற சொல்லை உதிர்ப்பதில்லை.

இதைவிட எனக்கு அதிகம் பிடித்தது விற்க மறுக்கிற விதம். ஒரு ஐப்பசியில் கருப்பட்டி கேட்டேன். டப்பாவில் இருப்பது என் கண்ணுக்கே தெரிகிறது. “அது உங்க வீட்டுக்கு ஆகாதும்மா” என்றார். பதநீர் இறங்குவது கோடையை ஒட்டிய மாதங்களில்தான், அது முடிந்த பிறகு வருகிற சரக்கில் சீனி கலப்பு ஜாஸ்தி, உள்ளே உடைத்தால் பளபளவென்று இருக்கும் என்று ஒரு துண்டை உடைத்தே காட்டினார். அப்புறம் “பங்குனி சித்திரையில உடன்குடியிலிருந்து வரும், எடுத்து வைக்கிறேன்” என்றார். இந்தச் சரக்கு மோசம் என்று சொல்லவில்லை, அதை வாங்கிப் போகிறவர்களைக் குறைத்தும் பேசவில்லை, உங்கள் வீட்டுக்கு ஆகாது என்று மட்டும் சொன்னார். சித்திரையில் எடுத்தும் வைத்திருந்தார்.

விலையில் ஒத்துப்போகாதபோதும் இப்படித்தான். பக்கத்துக் கடையில் வத்தல் இன்ன விலைக்குத் தருகிறார்கள் என்று ஒரு அம்மா குரலை உயர்த்தினார். இவர் அது பொய் என்றும் சொல்லவில்லை, அந்தச் சரக்கு மட்டம் என்றும் சொல்லவில்லை. “அந்த விலைக்குக் கிடைச்சா வாங்கிக்கோங்கம்மா, எனக்குக் கட்டாது” என்றார். கட்டாது என்ற சொல்லைக் கவனியுங்கள். உன் கணக்கு தப்பு என்ற அர்த்தம் அதில் இல்லை, என் நிலைமை இது என்பது மட்டும்தான் இருக்கிறது. வாக்குவாதம் அங்கேயே நின்றுவிட்டது, அந்த அம்மா கால் கிலோ வாங்கிக்கொண்டுதான் போனார்.

கடன் கேட்கிறவர்களிடம் பேசுவதையும் பார்த்திருக்கிறேன். ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற பலகை பல கடைகளில் தொங்கும், இங்கே கிடையாது. பழைய பாக்கி நிற்கிற ஒரு பாட்டி அஞ்சு கிலோ அரிசி கேட்டபோது, சுற்றி நாலு பேர் நின்றதால் பாக்கி நோட்டைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் “ஆத்தா, புது மூட்டை இன்னும் பிரிக்கல, இப்போதைக்கு ஒரு கிலோ கொண்டு போங்க, சாயங்காலம் கூட்டம் இல்லாதப்ப வாங்க பேசுவோம்” என்று அனுப்பினார். மூட்டை பிரித்துத்தான் இருந்தது. அது பொய்தானே என்று சிலர் கேட்கலாம், பாட்டியின் மானத்துக்கு முன்னால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, குறைக்கு வருகிறேன். போன வருடம் என் தங்கைக்கு வளைகாப்பு. சாம்பார் பொடி அஞ்சு கிலோ வறுத்து அரைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். “பார்ப்போம்மா” என்றார். நான் சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டேன். இரண்டு நாள் முன்னால் வாங்கப் போனால் அப்படி ஒரு ஆர்டரே எழுதப்படவில்லை, “நான் அன்னைக்கே சொன்னேனேம்மா” என்கிறார். ராத்திரியோடு ராத்திரியாக நானும் அம்மாவும் வத்தல் வறுத்து, நெடியில் இருமி, மறுநாள் மெஷினில் கொடுத்து அரைத்தோம். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சமில்லை. அப்புறம் யோசித்ததில் புரிந்தது: அவர் ஒப்புக்கொண்டிருந்தால் “பார்த்துருவோம்” என்றிருப்பார். “பார்ப்போம்” என்றால் முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ‘துரு’தான், மாட்டிக்கொண்டது நான். தமிழே தாய்மொழியான எனக்கே இப்படி என்றால், எங்கள் தெருவில் ஒடிசாவிலிருந்து வந்து தங்கி, திக்கித் திக்கித் தமிழ் பேசுகிற பையன்கள் “நாளைக்கு வாங்க தம்பி” என்பதை நம்பி மூன்று நாள் நடந்ததில் என்ன ஆச்சரியம். சரக்கு இல்லாததை நயமாகச் சொல்வது அழகு, ஆனால் ஒருவர் அதை நம்பி ஒரு காரியத்தை வைத்திருக்கிறார் என்றால் அங்கே வெளிப்படையாக முடியாது என்று சொல்வதுதான் மரியாதை. இதை அவரிடமே சொன்னேன். “நீங்க சொல்றதும் சரிதாம்மா” என்றார். அந்த ‘தும்’ எனக்கு முழுச் சம்மதமாகப் படவில்லை, ஆனாலும் அதற்குப் பிறகு நான் கேட்கிற ஆர்டர்களுக்குத் தேதி போட்டு எழுதிக் கொடுக்கிறார்.

போகிறவர்களுக்கு: மதியம் ரெண்டிலிருந்து நாலு வரை கடை அடைத்திருக்கும். வண்டி சந்துக்குள் நுழையாது, வீதியிலேயே நிறுத்த வேண்டும். ஜிபே உண்டு. பெரிய ஆர்டர் என்றால் “பார்ப்போமா, பார்த்துருவோமா அண்ணாச்சி?” என்று நேராகவே கேட்டுவிடுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், நோட்டை எடுத்துப் பேர் எழுதினால் கிடைக்கும்.