காலெரிச்சலும் மெத்தில்கோபாலமினும்: வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ராத்திரியில் பாதம் எரியும், விரல்கள் மதமதக்கும், தரையில் கால் வைத்தால் பஞ்சை மிதிப்பது போல இருக்கும். வேலூர்ப் பக்கம் இப்படி ஆனால் பலரும் நேரே மெடிக்கலுக்குப் போய் "நரம்பு சத்து மாத்திரை" வாங்கிவிடுகிறார்கள். வாங்கும் முன்பே வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் அளவு எகிறிக் காட்டும். குறைபாடு இருந்ததா என்று அப்புறம் சொல்ல முடியாது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் பொதுவாகக் குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. அப்போது, பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீனையும் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதை மெட்ஃபார்மின் குறைக்கிறது. டோஸும் வருஷமும் கூடக்கூடக் குறைபாடும் கூடும். பாலையும் தயிரையும் மட்டுமே நம்பியிருக்கும் சைவக்காரர்களுக்குக் கையிருப்பு சீக்கிரம் தீரும். இதற்குப் பயந்து சுகர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து, மாத்திரை அட்டையின் பின்புறம். எழுத்து பொடியாகத்தான் இருக்கும். செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராம் என்றிருந்தால், குடலின் வழக்கமான வழி அடைபட்டிருந்தாலும் அதில் சுமார் 1 சதவீதம் தானாக உள்ளே போகும். அது 15 மைக்ரோகிராம். ஒரு நாள் தேவையோ 2 மைக்ரோகிராம் சொச்சம்தான். மாத்திரையிலேயே வெறும் 15 மைக்ரோகிராம் பி12 போட்ட பி-காம்ப்ளெக்ஸில் இதே கணக்கில் உள்ளே போவது 0.15 மைக்ரோகிராம்தான்; அதனால் இந்தக் குறைபாட்டை ஈடுகட்ட முடியாது. அதைப் போட்டதும் சிறுநீர் மஞ்சளாகப் போவது பி2-ஆல். சத்து நரம்புக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அது அடையாளமில்லை.

அதே அட்டையில் பைரிடாக்சின், அதாவது பி6, எவ்வளவு என்றும் கட்டாயம் பாருங்கள். 3 மில்லிகிராம் என்றால் பயமில்லை. 50, 100 என்று போட்டவையும் விற்கின்றன. பி6 அளவு மீறி நாள்பட உடம்பில் சேர்ந்தால் அதுவே எரிச்சலையும் மதமதப்பையும் உண்டாக்கும். எரிச்சல் கூடுகிறதே என்று இன்னொரு சத்து மாத்திரையைச் சேர்த்தால் பி6 இன்னும் ஏறும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம்தான் உச்சவரம்பு என்று வைத்தது. வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளிலும் உள்ள பி6-ஐக் கூட்டிப் பாருங்கள். டி.பி. மருந்தோடு டாக்டர் தரும் பி6 தனிக் கணக்கு. பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் ஆசிட்டைத் தனியாகப் போட்டால் ரத்தசோகை தெளிந்துவிடும், உள்ளே நரம்புச் சேதம் சத்தமில்லாமல் தொடரும்.

நாலைந்து நாளில் எரிச்சல் அடங்கிவிட்டதா? அட்டையில் ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதன் வேலைதான். தூக்கம், தலைசுற்றல், கால் வீக்கம் வரலாம். சாப்பிட ஆரம்பித்த புதிதில் டூவீலர் எடுக்காதீர்கள். கிட்னி கோளாறு இருந்தால் டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. பி12 மெதுவாகத்தான் வேலை செய்யும்: களைப்பும் நாக்கு எரிச்சலும் வாரங்களில் தணியும், மதமதப்புக்கு மாதங்கள் ஆகும். வருஷக்கணக்கில் மரத்துப்போன இடம் திரும்பாமலே போகலாம். சுகராலேயே வந்த நரம்புக் கோளாறு என்றால் பி12 எவ்வளவு போட்டும் பெரிய பலனில்லை. நடையில் தள்ளாட்டம் தெரிந்தால் மாத்திரையோடு காத்திருக்க வேண்டாம். நரம்பு டாக்டரைப் பாருங்கள், ஊசி தேவைப்படும்.

உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு வினாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறில் இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதங்கள் ஆபத்தில் இருக்கின்றன என்று பொருள்.

அப்படிப்பட்டவர்கள் சித்திரை வெயிலில் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு நண்பகலில் வெறுங்காலோடு போகக் கூடாது. கல்தரையில் கொப்பளித்தாலும் சுடுவது தெரியாது. காலையில் முதல் வேலையாகப் போய் வரட்டும். செருப்பு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற நுண்துளை ரப்பர் அடித்தட்டோடு, பின்வார் வைத்து, விரலிடுக்கில் வார் இல்லாததாக இருக்கட்டும். வேலூர் அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் உணர்விழந்த பாதங்களுக்குப் பல காலமாகக் கொடுத்துவரும் வகை அது. போடுவதற்கு முன் கையை உள்ளே விட்டு ஆணியோ கல்லோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.