சத்தமில்லாத விளக்கும் கணவாய்த் தூண்டிலும்: மூன்று குளிர்காலம் பயன்படுத்திப் பார்த்ததில்

டிசம்பரில் சியாட்டிலில் மாலை நாலேகாலுக்கெல்லாம் பொழுது அடங்கிவிடும். வேலை முடித்து ரென்டனிலிருந்து மேற்கு சியாட்டில் சீக்ரெஸ்ட் ஜெட்டிக்கு (கடலுக்குள் நீளும் தூண் மேடை) நான் போய்ச் சேரும்போது நல்ல இருட்டு. எதிர்க்கரை நகரத்தின் வெளிச்சம் எலியட் விரிகுடாவில் நெளிந்துகொண்டிருக்கும். கைப்பிடிக் கம்பி நெடுக வியட்நாம்காரர்கள், கம்போடியாக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், கொரியாக்காரர்கள் தோளோடு தோள் நிற்பார்கள். எல்லார் கண்ணும் தண்ணீரில் விழுந்த வெளிச்ச வட்டத்தில்தான் இருக்கும்.

நான் மணப்பாட்டில் பிறந்தவள். அப்பா முப்பது வருடம் வள்ளத்தில் போனவர். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் அவர் இங்கே வந்து தங்கியிருந்தபோது அவருக்குப் பொழுதுபோகட்டும் என்றுதான் இரவில் விளக்கு வைத்துக் கணவாய் (ஸ்குவிட்) பிடிக்கத் தொடங்கினோம், இப்போது நவம்பர் வந்தாலே எனக்குக் கை பரபரக்கிறது. இந்த மூன்று வருடத்தில் விளக்கை எரிக்கும் மின்சாரத்துக்காக மட்டும் மூன்று முறை பணம் செலவழித்தேன். மூன்றாவது முறைதான் சரியாக வாய்த்தது. புதிதாகத் தொடங்கும் நம் ஆட்கள் அதை முதலிலேயே வாங்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது பெட்ரோல் ஜெனரேட்டர். இணையத்தில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது, 2000 வாட். ஒரு ஹாலஜன் விளக்கைச் சொருகி ஜெட்டியில் வைத்துக் கயிற்றை இழுத்தேன். அது கிளம்பிய வேகத்தில் பலகை அதிர்ந்தது காலுக்கே தெரிந்தது. பக்கத்தில் நின்ற கம்போடியப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் வாளியை எடுத்துக்கொண்டு நாலு தூண் தள்ளிப் போனார். அப்பா என் காதருகே வந்து, "மக்கா, இத அணைச்சிரு. கடல்ல நிக்கும்போது காதும் வேணும்" என்றார். அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டேன். திரும்பி வரும்போது காரின் பின்பக்கம் எண்ணெய் கசிந்து, அந்த வாடை போக ஒரு மாதம் ஆனது. கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்.

ஜெனரேட்டர் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஜெட்டியில் நிறையப் பேர் வைத்திருப்பது ஹோண்டா ஈயூ2200ஐ. குறைந்த சுமையில் 48 டெசிபல், முழுச் சுமையில் 57 டெசிபல் என்று நிறுவனமே போட்டிருக்கிறது; இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் அளவுதான். ஆனால் எடை 21 கிலோ, விலை ஆயிரம் டாலருக்கு மேல். நாலைந்து குடும்பம் சேர்ந்து வந்து ஐந்தாறு விளக்கு கட்டுவதென்றால் அது நியாயம். ஒற்றை ஆள் ஒற்றை விளக்குக்கு அது தொடர்ந்து தரும் 1800 வாட் எதற்கு? வாங்குகிறவர்கள் போகும் ஜெட்டியின் அறிவிப்புப் பலகையை முதலில் படித்துவிடுங்கள், எல்லா இடத்திலும் ஜெனரேட்டருக்கு ஒரே விதி இல்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஜெனரேட்டர் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே வாளி நிறைந்ததையும் பார்த்திருக்கிறேன். கணவாய்க்குத் தாழ்ந்த அதிர்வுகளை உணரும் உறுப்பு உண்டு என்பது உண்மை. ஆனாலும் அந்தச் சத்தம் அதை விரட்டிவிடும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எனக்குச் சத்தமில்லாமை வேண்டியது மனிதர்களுக்காக. பக்கத்தில் நிற்பவர் "வந்துட்டு, வந்துட்டு" என்று அவர் மொழியில் மெல்லச் சொல்வது காதில் விழவேண்டும். எதிரே சாலைக்கு அந்தப்புறம் வீடுகள் இருக்கின்றன, அங்கே குழந்தைகள் தூங்கவேண்டும்.

இரண்டாவது வாங்கியது பெட்டி மாதிரி வரும் எடுத்துச் செல்லும் பவர் ஸ்டேஷன். வீட்டில் சோதித்தபோது சத்தமே இல்லை. ஜெட்டியில் வீட்டு மின்சாரத்துக்கான ஃபிளட் லைட்டைச் சொருகினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே விசிறி ஓட ஆரம்பித்தது. பேட்டரியின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கி, விளக்குக்குள் அதை மறுபடியும் நேர்மின்சாரமாக்குகிறோம். மாற்றும் வேலைக்கே கணிசமான மின்சாரம் வீணாகிறது, அந்தச் சூட்டை ஆற்றத்தான் விசிறி. மூன்று மணி நேரம் வரும் என்று நம்பிப் போனேன், இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட்டது. நல்லவேளை, அதைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது.

இனி, இப்போது வைத்திருப்பது. 12 வோல்ட், 20 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று. அதிலிருந்து நேராக 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கு. லாரி, டிராக்டர்களில் மாட்டும் வேலை விளக்கு வகை, 50 வாட். இடையில் இன்வெர்ட்டர் இல்லை, விசிறி இல்லை, அசையும் பாகம் எதுவும் இல்லை. கணக்கு எளிது: 12.8 வோல்ட்டை 20ஆல் பெருக்கினால் 256 வாட் மணி, 50 வாட் விளக்குக்கு ஐந்து மணி நேரம். இரண்டு குளிர்காலமாக எனக்கு நாலரை மணி நேரத்துக்குக் குறையாமல் வருகிறது. எடை இரண்டரைக் கிலோ. இதே வேலைக்கு ஈய பேட்டரி என்றால் பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கவேண்டும், அதன் சார்ஜையும் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். காரிலிருந்து ஜெட்டி முனைக்கு மழையில் வாளி, தூண்டில் ராடு, நாற்காலியோடு நடக்கிறவர்களுக்கு இந்த எட்டுக் கிலோ வித்தியாசம் சாதாரணமில்லை.

இதில் மூன்று விஷயம் கவனிக்கவேண்டும். முதலாவது குளிர். பேட்டரி உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக்கூடாது, கெட்டுவிடும்; விளக்கு எரிக்க மட்டும் பயன்படுத்தலாம். வீட்டுக்கு வந்ததும் அதைக் கூடத்தில் வைத்துவிட்டுக் காலையில்தான் சார்ஜில் போடுவேன். இரண்டாவது மீட்டர். இந்த வகை பேட்டரியின் வோல்ட் கடைசிவரை ஏறக்குறைய அப்படியே நிற்கும், பிறகு திடீரென்று விழும். வோல்ட்டை வைத்துச் சதவீதம் காட்டும் மலிவு மீட்டரை நம்பி ஒரு நாள் கும்மிருட்டில் நின்றேன். கைக்கடிகாரமே போதும். மூன்றாவதுதான் முக்கியம்: இணைப்பு. முதலில் முதலை வாய் மாதிரிப் பற்றும் கிளிப் வைத்திருந்தேன். உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்து, ஒரு மழைநாளில் தொட்டதும் பொறி பறந்தது. இப்போது வளைய முனை வைத்து நட்டு முடுக்கி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 7.5 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டிருக்கிறேன். எல்லாம் ஒரு பழைய மூடி போட்ட சாப்பாட்டு டப்பாவுக்குள் அடக்கம்.

விளக்கின் பிரகாசத்தைப் பற்றி நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள். நானும் 100 வாட் இருந்தால் இரண்டு மடங்கு கணவாய் என்று நினைத்தேன். அப்பாதான் உட்கார்ந்து பார்த்துச் சொன்னார்: "வெளிச்சத்துக்குள்ள அது நிக்கல பாத்தியா? இருட்டும் வெளிச்சமும் சேருற எடத்துல நிக்கு. இரை கண்டா உள்ள பாயுது, திரும்ப ஓடுது." வெளிச்சத்துக்குச் சின்ன உயிர்கள் கூடுகின்றன, குஞ்சு மீன் அதைத் தின்ன வருகிறது, கணவாய் குஞ்சு மீனுக்காக இருட்டின் விளிம்பில் காத்திருக்கிறது. ஆக நமக்கு வேண்டியது பெரிய வெளிச்சம் இல்லை, கூரான விளிம்பு. விளக்கைக் கம்பிக்கு ஒரு முழம் வெளியே நீட்டி, முகத்தைச் செங்குத்தாகக் கீழே கவிழ்த்து, பக்கவாட்டில் ஒரு தகரத் துண்டு மறைப்பு வைத்தேன். வட்டம் சிறிதாகி விளிம்பு தெளிவானது. பக்கத்து ஆள் கண்ணிலும் வெளிச்சம் அடிக்கவில்லை. சீக்ரெஸ்ட்டில் இரவில் முக்குளிப்பவர்களும் இறங்குவார்கள், அவர்கள் விளக்கு நீருக்கடியில் நகர்வது தெரிந்தால் தூண்டிலை மேலே எடுத்துவிடுங்கள்.

நீருக்குள் இறக்கும் பச்சை விளக்கும் வாங்கினேன். பச்சை நிறம் இந்தக் கடல் நீரில் நன்றாக ஊடுருவும். தனி ஜெட்டியிலோ படகிலோ அது அற்புதம். கூட்டமான ஜெட்டியில் வேண்டாம். வயரில் நாலு பேரின் தூண்டில் நரம்பு சிக்கி, அவிழ்த்து முடிப்பதற்குள் கணவாய்க் கூட்டம் கடந்துபோய்விடும். அது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. விலை மலிவான சில விளக்குகளில் வெளிச்சத்தைக் குறைக்கும் திருகு உண்டு, குறைக்கும்போது கொசு ரீங்காரம் மாதிரி ஒரு கீச்சொலி வரும். வாங்கும்போதே காதில் வைத்துப் பாருங்கள்.

நரம்பின் நுனியில் கட்டும் பொய் இரையான ஜிக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் பார்க்கும் பெரிய கணவாய் இல்லை இது. உடல் ஒரு சாண் இருந்தாலே பெரிது. அதனால் இரண்டு, இரண்டரை அங்குல ஜிக் போதும். பென்சில் துண்டு மாதிரி ஒளிரும் பிளாஸ்டிக், அடியில் மேல்நோக்கி வளைந்த கம்பிகள் இரண்டு அடுக்காகக் கிரீடம் போல. அந்தக் கம்பிகளில் எதிர்முள் கிடையாது. அதனால் மாட்டியதும் நரம்பு ஒரு நொடி தொய்ந்தால் போச்சு, நழுவிவிடும். கடிப்பது வெடுக்கென்று தெரியாது. ஈரத்துணியைத் தூக்குவது மாதிரி ஒரு கனம் வரும். வந்ததும் வெட்டி இழுக்காமல் ஒரே சீராகச் சுற்றவேண்டும். மேலே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், மை நேராக வரும்.

இளஞ்சிவப்பும் பச்சையும் எனக்கு அதிகம் எடுத்திருக்கின்றன, அதுவும் ஒளி ஏறியிருந்தால் மட்டும். சட்டைப்பையில் விரல் நீளப் புறஊதா டார்ச் ஒன்று வைத்திருக்கிறேன். பத்து நொடி காட்டினால் ஜிக் பளபளவென்று எரியும். மொத்தத்தில் காசுக்கு மிகுந்த பலன் தந்தது இந்தச் சின்ன டார்ச்தான். ராடு ஏழடி, நுனி மெத்தென்று வளைவது, நரம்பு எட்டுப் பவுண்டு. கம்பியெல்லாம் துரு ஏறும், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். அப்பா ராடை ஒரு மணி நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, கைத்தூண்டிலுக்கு மாறிவிட்டார். ஆள்காட்டி விரலில் நரம்பைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அன்று அவர்தான் என்னைவிட அதிகம் எடுத்தார்.

விளக்கைப் பார்த்ததும் அவர் முதலில் முகம் சுளித்ததையும் சொல்லவேண்டும். நம் கரையில் விளக்கு வைத்துப் பிடிப்பது பெரிய பிரச்சினை. பெரிய படகுகள் கடலையே வெளுக்கும்படி விளக்குப் போட்டு அள்ளினால் சின்ன வள்ளக்காரனுக்கு மிஞ்சுவது என்ன? இந்திய அரசு 2017 நவம்பரில் எல்.இ.டி. வைத்து மீன்பிடிப்பதைத் தடை செய்தது. இங்கே ஆளுக்கு ஒரு தூண்டில், அதில் அதிகபட்சம் நாலு ஜிக், நாளுக்குப் பத்துப் பவுண்டு அல்லது ஐந்து குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) என்று வாஷிங்டன் மாநில விதியைப் படித்துக் காட்டிய பிறகுதான் நரம்பைக் கையில் வாங்கினார். பதினைந்து வயது நிறைந்த எல்லாருக்கும் உரிமம் வேண்டும். அப்பாவுக்கு நாள் கணக்கில் தரும் உரிமம் எடுத்தேன். ஒவ்வொருவருக்கும் தனி வாளி கட்டாயம். கடையில் விற்கும் ஐந்து கேலன் வாளி இருபது குவார்ட் பிடிக்கும், அதனால் கால் பங்கு உயரத்தில் அழியாத மையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு தொட்டால் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடலாம்.

எனக்கு ஆன செலவு: பேட்டரி 70 டாலர், விளக்கு 28, வயர், ஃப்யூஸ், வளைய முனை எல்லாம் சேர்த்து 15, தகர மறைப்பு வீட்டில் கிடந்தது. விளக்கைக் கம்பியில் பிடிக்க மரவேலைக்காரர் வைத்திருக்கும் கிளாம்ப் ஒன்று. அதற்கு ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டுங்கள். போன வருடம் ஒருவருடைய விளக்கு கண்முன்னே கடலில் விழுந்து, அடியில் சில நொடி எரிந்து அணைந்தது.

எப்போது போவது என்று கேட்பார்கள். இருட்டிய பிறகு கடல் மட்டம் உயர்ந்து ஓதம் ஏறும் நேரம், மேகம் மூடி நிலா இல்லாத இரவு. கடல்நாய் தலை தெரிந்தால் தெர்மாஸைத் திறந்து டீ குடியுங்கள். அது போகும்வரை கணவாய் வராது.

இந்த ஜனவரியில் அப்பா மறுபடியும் வந்திருந்தார். விளக்கைக் கவிழ்த்து மாட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். தூணில் தண்ணீர் தட்டும் சத்தம்தான். "எரியுதா மக்கா?" என்றார். கீழே காட்டினேன். கண்ணாடி மாதிரி உடம்போடு ஆறேழு, பின்பக்கமாக நழுவி இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு அவர் கம்பி அருகே நகர்ந்தார்.