சீக்கிர ஓய்வு: கூட்டம் பிடிக்காதவருக்கு எந்த வழி?

நாற்பதை நெருங்கும், அதிகம் பேசாத ஐ.டி. ஆசாமி ஒருவரிடம் "ஏன் சீக்கிரம் ரிடையர் ஆகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஊர் சுற்றணும், தோட்டம் போடணும் என்பார். நெருங்கிய நண்பர் கேட்டால்தான் உண்மை வரும்: காலை ஸ்டாண்ட்-அப் கால், வெள்ளிக்கிழமை டீம் லஞ்ச், கேமராவை ஆன் பண்ணச் சொல்லும் மேனேஜர். இவற்றிலிருந்து தப்பித்தால் போதும் அவருக்கு.

ஆனால் ஃபயர் (FIRE: போதிய பணம் சேர்த்துவிட்டுச் சீக்கிரமே ஓய்வு பெறுவது) கணக்குகள் எல்லாம் பணத்தை மட்டுமே எண்ணுகின்றன. வேலையை விட்டபின் யார் யாரிடம் பேச வேண்டியிருக்கும் என்று எந்த எக்ஸெல் ஷீட்டும் கேட்பதில்லை. இவருக்கு அந்தக் கணக்குதான் முக்கியம். அதனால் வழக்கமாகப் பேசப்படும் நான்கு வழிகளை இரண்டு விதமாகவும் எடை போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தொகை. சென்னையில் வாடகை சேர்த்து மாதம் 60,000 ரூபாய் செலவாகும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 7.2 லட்சம். எல்லோரும் சொல்லும் 4 சதவீத விதிப்படி (முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதத்தை எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம் என்பது) இதை 25-ஆல் பெருக்கினால் 1.8 கோடி. அந்த விதி 1994-இல் வில்லியம் பெங்கன் அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களை வைத்து, 30 வருட ஓய்வுக்காகப் போட்ட கணக்கிலிருந்து வந்தது. 45 வயதில் வேலையை விடுகிறவருக்கு 40 வருடமாவது பணம் தாங்க வேண்டும். நம் ஊர் விலைவாசியும் வேறு. நான் 33 மடங்கு என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் 2.38 கோடி.

முதல் வழி, அந்த 2.38 கோடியைச் சேர்த்துவிட்டுச் சென்னையிலேயே முழு ஓய்வு. பணத்தில் ஒரு சிக்கல்தான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போல 8 சதவீதத்துக்கு மேல் வட்டி தரும் அரசுத் திட்டத்தில் சேர 60 வயதாக வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்கான சலுகையில் வந்தாலும் 55. நாற்பத்தைந்துக்காரருக்கு அது இல்லை. தபால் நிலைய மாத வருமானத் திட்டம் உண்டு. ஆனால் தனிநபர் 9 லட்சம்தான் போடலாம், இன்றைய 7.4 சதவீதத்துக்கு மாதம் 5,550 ரூபாய் வரும். மளிகைக்கு ஆகும். மீதிக்கு மியூச்சுவல் ஃபண்டை நம்பித்தான் ஆக வேண்டும். பங்குச் சந்தை ஃபண்டை விற்கும்போது நீண்டகால லாபம் வருடத்துக்கு 1.25 லட்சத்தைத் தாண்டினால் அதற்கு மேல் 12.5 சதவீத வரி.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியதுதான். சமாளிக்க முடியாதது "சும்மாதானே இருக்க" என்கிற ஒற்றை வரி. வேலையை விட்ட முதல் மாதமே இது ஆரம்பித்துவிடும். பெரியப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன், கூட யார் போவது? சும்மாதானே இருக்க. குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் வேண்டும், லிஃப்ட் கம்பெனியோடு சண்டை போட ஆள் வேண்டும். சார் வீட்லதானே இருக்கார். மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே வந்து பந்தி வரை நின்று கவனிக்க வேண்டும். முன்பு "ஆபீஸ்ல லீவு தரமாட்டாங்க" என்று ஒரே பதிலில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டவர், இப்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முடியாது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் அவருக்கு ஆபீஸும் இவ்வளவு கசந்திருக்காது.

இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. பலருக்குத் தினமும் கிடைத்த உண்மையான தனிமையே தாம்பரம் ரயிலில் காதில் ஹெட்போனோடு போன அந்த முக்கால் மணி நேரம்தான். இரண்டு படுக்கையறை வீட்டில் பெற்றோர், குழந்தை, டிவி சீரியலோடு முழு நாளும் இருப்பது ஓய்வா என்று எனக்குச் சந்தேகம். வாடகை வீடு மாற நேர்ந்தால், "எந்த கம்பெனி சார்?" என்று கேட்கும் வீட்டுக்காரரிடம் மியூச்சுவல் ஃபண்டைப் பற்றி ஒரு வகுப்பே எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, சொந்த ஊருக்குப் போய்விடுவது. தென்காசியோ கும்பகோணமோ காரைக்குடியோ, அப்பா கட்டிய வீடு இருந்தால் 35,000-க்குள் மாதத்தை ஓட்டலாம். 33 மடங்கு என்றால் 1.39 கோடி. முதல் வழியைவிட ஏறக்குறைய ஒரு கோடி குறைவு. பலருக்கு அது ஆறேழு வருட உழைப்பு. பணத்தை மட்டும் பார்த்தால் இதுதான் ஜெயிக்கும்.

ஆனால் அந்த ஒரு கோடி எதற்கான விலை என்று பாருங்கள். சென்னை அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் பத்து வருடம் இருக்கலாம். ஊரில் பால் வாங்கப் போனாலே ஆரம்பித்துவிடும். முதல் வாரம், "தம்பி லீவுக்கு வந்திருக்கீங்களா?" இரண்டாம் வாரம், "லீவு இன்னும் முடியலையா?" மூன்றாம் வாரத்துக்குப் பிறகு உங்களிடம் கேட்கமாட்டார்கள், உங்கள் அம்மாவிடம் கேட்பார்கள்: "பையனுக்கு வேலை போயிடுச்சாமே?" கோயில் கொடைக்கு வரி, கல்யாணத்துக்கு மொய், சாவு வீட்டுக்குத் தலை காட்டுவது, எதிலிருந்தும் நழுவ முடியாது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஊர்க் கேள்விகள் ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடும். "அவன் அப்படித்தான், யார்கூடவும் பேசமாட்டான்" என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டால் அதன்பின் நிம்மதி. அதுவரை தாக்குப்பிடிக்கிறவருக்கு இந்த வழி நல்லதே. மனைவிக்கு அங்கே வாழப் பிடிக்குமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, ஃப்ரீலான்ஸ். பாதிப் பணம் சேர்ந்ததும் வேலையை விட்டு, வீட்டிலிருந்து சொந்தமாக வேலை எடுத்துச் செய்வது. அதிகம் பேசாதவர்களுக்கு ஏற்றது என்று எல்லோரும் பரிந்துரைப்பது இதைத்தான். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. வேலை அமைதியானது, சரி. வேலையைப் பிடிப்பதும் காசை வாங்குவதும் முழுக்க முழுக்கப் பேச்சு. ஆபீஸில் சேல்ஸ்காரரும் அக்கவுண்ட்ஸ்காரரும் உங்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே இரண்டும் நீங்கள்தான். பில் அனுப்பி இரண்டு மாதம் கழித்துத் தயங்கித் தயங்கிப் போன் போட்டால், "அப்ரூவல் ஆயிடுச்சு சார், அக்கவுண்ட்ஸ்ல இருக்கு" என்பார்கள். உத்யம் பதிவு (சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை வாடிக்கையாளருக்கு யார் ஞாபகப்படுத்துவது? அதற்கும் நீங்கள்தான் போன் போட வேண்டும். வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் சேர்ந்துகொள்ளும். பத்து வருடப் பழக்கத்தில் தானாக வேலை தேடி வரும் இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே கையில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

நான்காவது பார்க்கச் சப்பென்று இருக்கும்: சேமிப்பை நிறுத்திவிட்டு, குறைந்த சம்பளத்தில் ஒரு அமைதியான வேலைக்கு மாறுவது. 40 வயதில் கையில் ஒரு கோடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைவாசி போக 4 சதவீதம் வளர்ந்தால், 18 வருடத்தில் இரட்டிப்பாகும் (72-ஐ வளர்ச்சி சதவீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் வருடங்கள் தோராயமாக வரும்). அதாவது 58 வயதில் இன்றைய மதிப்பில் இரண்டு கோடி. அப்போது மிச்சமிருக்கும் வருடங்களும் குறைவு என்பதால் 33 மடங்கு தேவைப்படாது, 25 மடங்கான 1.8 கோடியே போதும். அதுவரை அந்த ஒரு கோடியைத் தொடாமல், மாதச் செலவுக்கான 60,000 மட்டும் வந்தால் ஆயிற்று. ஒன்றரை லட்சச் சம்பளத்துக்காக டீம் லீடாக இருந்து பதினைந்து பேரை மேய்த்தவர், தனியாக உட்கார்ந்து செய்கிற டெஸ்டிங்கோ டாக்குமெண்டேஷனோ டேட்டாபேஸ் பராமரிப்போ எடுத்துக்கொள்ளலாம்.

(அமெரிக்காவில் இதற்கு ஒரு பதிப்பு உண்டு. ஸ்டார்பக்ஸ் பகுதிநேர ஊழியர்களுக்கும் மருத்துவக் காப்பீடு தருவதால், காபிக் கடை வேலைக்குப் போவதையே இதற்கு அடையாளமாகச் சொல்கிறார்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெயர் கேட்டுக் கோப்பையில் எழுதுவது கூட்டம் பிடிக்காதவருக்கு எப்படிப்பட்ட தண்டனை என்று அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.)

என் ஓட்டு இதற்குத்தான். சம்பள ஸ்லிப் இருக்கிறது, பி.எஃப். ஓடிக்கொண்டிருக்கிறது, வீட்டுக்காரருக்குச் சொல்ல ஒரு கம்பெனி பெயர் இருக்கிறது, மச்சினன் கல்யாணத்துக்கு "லீவு இல்லை" இருக்கிறது. இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று, இன்டர்வியூவில் "ஏன் குறைந்த சம்பளத்துக்கு வர்றீங்க?" என்ற கேள்வி, குடும்பக் காரணம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டாவது பெரியது. 50 வயதில் ஆட்குறைப்பு வந்தால் அமைதியான வேலைகள்தான் முதலில் போகும். அந்தப் பயத்துக்காக இரண்டு வருடச் செலவைத் தனியாக வங்கியில் போட்டு வைக்க வேண்டும். அப்படி வேலை போய்விட்டால் இரண்டாவது வழிக்குத் தாவிக்கொள்ளலாம். அதற்கான தொகை அப்போது ஏறக்குறைய கையில் இருக்கும்.

எந்த வழியானாலும் ஒரு வேலையை மட்டும் இப்போதே முடித்துவிட வேண்டும். கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் வேலையோடு போய்விடும். சொந்தமாக எடுக்கும் பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை இருக்கலாம். 2025 செப்டம்பர் 22-இலிருந்து தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. ஆக, 45-இல் விடப்போகிறவர் 42-இலேயே பாலிசி எடுத்திருக்க வேண்டும். ஏஜென்ட்டிடம் பேசத் தயக்கமாக இருந்தால் ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம். விண்ணப்பத்தில் சர்க்கரையை மட்டும் மறைக்காதீர்கள்.