மைப்படிப் பெட்டி: கடதாசிக்குக் காசு கொடுக்கலாம், மைக்கு வேண்டாம்

வவுனியாவில் பாடசாலைச் சாமான் விற்கிற ஒரு கடைக்குக் கல்வெட்டு மைப்படி எடுக்கப் பழகும் பெட்டி வந்திருக்கிறது. கல்லில் ஈரத்தாளை அடித்து ஒட்டி, மேலே மை ஒற்றி எழுத்தைத் தாளில் எடுக்கிற படிதான் மைப்படி. இந்தியாவில் பொதி செய்தது, விலை 7,500 ரூபா. உயர்தரத்தில் வரலாறோ இந்து நாகரிகமோ எடுத்த பிள்ளைகளை நம்பித்தான் கடைக்காரர் இறக்கியிருக்கிறார். பெட்டிக்குள் 60 × 90 செ.மீ. அளவில் 20 தாள், தண்ணீர் பூச ஒரு மெல்லிய தூரிகை, அடிப்பதற்கு ஒரு தடித்த தூரிகை, 100 மி.லீ. மைப் போத்தல், மை ஒற்றுகிற துணிப் பொட்டளி, அட்டைக் குழாய், 40 பக்கக் கைநூல்.

வாங்க முன்னம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கைநூலில் அது ஓரிடத்திலும் இல்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ள நாடு இது. பதவியாவிலோ கந்தளாயிலோ கிடக்கிற பழைய கல்வெட்டில் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது. ஆகவே இது வீட்டு முற்றத்தில் கை பழகுவதற்கான பெட்டி. பழகுவதற்குக் கல் இல்லையே என்றால் சீமெந்துப் பலகை போதும்: ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல், 30 செ.மீ. சதுரம், 3 செ.மீ. தடிப்பு. பாதி இறுகினதும் ஆணியால் 3 மி.மீ. ஆழத்தில் எழுத்தை வெட்டி, ஒரு கிழமை ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும். மினுக்கின கறுப்புக் கல்லில் யந்திரத்தால் பொறித்த பெயர்ப்பலகைகள் இதற்குச் சரிவராது. பள்ளம் போதாது, தாள் உள்ளே இறங்காது.

தாள் நல்லது. மைப்படித் தாளுக்கு இரண்டு குணம் வேண்டும். நனைந்த பிறகு அடி தாங்க வேண்டும், பள்ளத்துக்குள் மடியவும் வேண்டும். சாதாரண போட்டோக்கொப்பித் தாள் பத்து அடியில் கிழிந்துவிடும், பிறிஸ்ரல் அட்டை மடியவே மடியாது. இந்தத் தாள் இரண்டுக்கும் ஈடு கொடுக்கிறது. தூரிகைகளும் குறை சொல்ல முடியாதவை. அடிக்கிற தூரிகையின் மயிர் முதல் நாளில் கொஞ்சம் கொட்டும், தண்ணீரில் ஊறவைத்து உதறினால் நின்றுவிடும்.

கெடுக்கிறது மைதான். போத்தலில் இருப்பது எழுதுகிற மையைப் போல நீர்த்தது. ஈரத்தாளில் பட்டதும் ஊறி எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்குகிறது. மைப்படியில் மேடு கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரவேண்டும். இந்த மையில் எல்லாமே சாம்பல் நிறம். அதைத் தள்ளிவைத்துவிட்டு விளக்குக் கரியையும் தண்ணீரில் கரைத்த கருவேலம் பிசினையும் குழைத்துப் பாவிக்கலாம். தேன் பதம் வரவேண்டும். ஒரு சொட்டை நகத்தில் வைத்துச் சரித்தால் ஓடாமல் நிற்பதுதான் பதம். பிசின் கூடினால் தாள் கல்லோடு ஒட்டும், குறைந்தால் காய்ந்த பிறகு கரி கையோடு வரும்.

கைநூலில் செய்முறைப் படங்கள் சரியாக இருக்கின்றன, ஆனால் நேரக்கணக்கு இல்லை. பிழைப்பதெல்லாம் அங்கேதான். கல்லைத் தண்ணீராலும் தும்பாலும் கழுவி (கம்பித் தூரிகை ஆகவே ஆகாது), தாளை நனைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக் காற்றுக் குமிழியை வெளியேற்றி, தூரிகையால் நேர்குத்தாக அடிக்க வேண்டும். சரித்து அடித்தால் தாள் நகர்ந்து ஒவ்வொரு எழுத்தும் இரட்டையாக விழும். பிறகு காத்திருக்க வேண்டும். தாளின் மினுமினுப்பு மறைந்து, விரலால் அழுத்தினால் நீர் கசியாத நிலையில்தான் மை. அதற்கு முந்தினால் பரவும். பிந்தினால் தாள் கல்லை விட்டு எழும்பும். சோளகம் அடிக்கிற மாதங்களில் வன்னி வெளியில் இந்த இடைவெளி சில நிமிடம்தான். காலை ஏழரைக்குள் முடித்துவிடுவது நல்லது. ஓரங்களில் ஈரத்துணிக் கீலங்களைப் போட்டால் கொஞ்ச நேரம் கூடக் கிடைக்கும். பொட்டளியை நேரே தாளில் வைக்காமல் முதலில் ஒரு தட்டில் ஒற்றி மையைச் சமப்படுத்த வேண்டும்.

இனிக் கைநூல். எழுத்து அட்டவணை பல்லவர் காலத்திலிருந்து சோழர் காலம் வரை ஒழுங்காக வரையப்பட்டிருக்கிறது. குறை என்னவென்றால், எல்லா மெய்யெழுத்துக்கும் புள்ளி வைத்து, ஏகார ஓகாரத்துக்குத் தனி வடிவமும் கொடுத்திருக்கிறார்கள். கல்லில் புள்ளி அருமை. எகரமும் ஏகாரமும் ஒரே கொம்பு. ‘தேவர்’ என்பது ‘தெவர’ என்றுதான் நிற்கும். போதாததற்குச் சோழர் காலக் கல்லில் துணைக்காலும் ரகரமும் பெரும்பாலும் ஒரே கோடு. ‘மாராயன்’ என்ற பட்டம் மூன்று ரகரம் அடுத்தடுத்து வந்து ‘மரரரயன’ என்று தெரியும். அட்டவணையை மட்டும் நம்புகிற பிள்ளை அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். வடமொழிச் சொற்களுக்குக் கிரந்தம் என்ற தனி எழுத்து கலந்து வரும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற முதல் சொல்லே கிரந்தம்தானே.

எண்களில் ௯௰௬ என்பது 96 என்று சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஆண்டுக் கணக்கு பிழை. முதலாம் இராசராசன் 985இல் பட்டமேறினான், ஆகவே 27ஆம் ஆட்சியாண்டு 1012 என்று நேரே கூட்டியிருக்கிறார்கள். பட்டமேறின ஆண்டே முதலாம் ஆண்டு. எனவே அது 1011–1012. முதலாம் இராசேந்திரனின் ஆண்டு 1012இலிருந்து ஓடுகிறது, தகப்பன் இராசராசனோ 1014 வரை இருந்தான். அந்த இரண்டு வருடக் கல்வெட்டுகளில் பெயரைப் பார்க்காமல் ஆண்டை மட்டும் பார்த்தால் குழம்பும். பெயர் சிதைந்திருந்தால் மெய்க்கீர்த்தியின், அதாவது கல்வெட்டுத் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரையின், முதற்சொல் காட்டிக்கொடுக்கும்: ‘திருமகள் போல’ என்றால் தகப்பன், ‘திருமன்னி வளர’ என்றால் மகன். தகப்பன் இராசகேசரி, மகன் பரகேசரி என்ற பட்டமும் உதவும். இவ்வளவு கைக்கு உதவுகிற விசயத்தைக் கைநூல் ஏன் விட்டது என்று விளங்கவில்லை.

சமூகத்தைப் பற்றின பகுதிதான் மெலிந்தது. கல்வெட்டு என்றால் அரசன் கட்டளை, ஊராட்சி என்றால் குடவோலை (பெயர் எழுதின ஓலையைக் குடத்தில் இட்டு ஆள் தெரிகிற முறை) என்று இரண்டு பக்கத்தில் முடித்திருக்கிறார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், பொறித்த விதிகள் ஒரு பிராமணச் சபைக்கானவை. முப்பது குடும்புகள் (ஊரின் பிரிவுகள்), வயது 35 முதல் 70, சொந்த மனையில் வீடு, கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், வேதப் படிப்பு. வேளாளர் ஊருக்கும் வணிகரின் நகரத்துக்கும் இதே விதி என்று அதில் இல்லை. கந்தளாய்க் கல்வெட்டில் சதுர்வேதிமங்கலத்துப் (பிராமணர் ஊர்) பெருங்குறிப் பெருமக்கள், அதாவது சபையார், வருகிறார்கள், அது அந்தச் சபை வகை. பதவியாப் பக்கத்துக் கற்களில் ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுக்கள் வருகின்றன, அது முற்றிலும் வேறு உலகம். வன்னியில் விற்கிற நூலில் வணிகருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்க வேண்டாமா?

கொடையாளிகளில் மிகப் பலர் அரசரல்லர். மாதோட்டத்தில் இராசராச ஈசுவரம் என்ற சிவன் கோயிலை எடுப்பித்தவன் தாழி குமரன் என்ற சோழநாட்டு ஆள். வைகாசி விசாகத் திருவிழாவுக்கும் அந்தக் கல்லில்தான் ஏற்பாடு. விளக்குக் கொடையைக் கைநூல் ‘பக்தியின் அடையாளம்’ என்று சொல்லி நகர்கிறது. அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு (அணையாமல் எரிகிற விளக்கு) 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. மந்தையை எடுத்த இடையன் நாளுக்கு ஓர் உழக்கு (ஒரு பழைய முகத்தல் அளவு) நெய் அளக்க வேண்டும். செத்ததையும் கிழண்டதையும் குட்டியால் ஈடுசெய்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது அவன் பொறுப்பு. அதனால்தான் ‘சாவா மூவாப் பேராடு’ என்ற சொல். மாடு வளர்க்கிற வன்னிப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

சமயம் பற்றின பக்கத்தை அப்படியே நம்பவேண்டாம். பக்தி இயக்கத்தோடு பௌத்தம் தமிழரிடையே இல்லாமற்போனது என்று எழுதியிருக்கிறார்கள். திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பல தலைமுறைக்குப் பிறகும், நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இராசராசன் தன் 21ஆம் ஆண்டில் கொடுத்தான். திருகோணமலைக்குப் பக்கத்து வெல்கம் விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்றே பெயர். அங்கே விளக்குக் கொடுத்தவர்கள் தமிழில் பொறித்திருக்கிறார்கள். ‘பள்ளி’, ‘பள்ளிச்சந்தம்’ என்ற சொற்களைக் கண்டால் கைநூல் சொல்வது போலப் பாடசாலை என்று எடுக்கக்கூடாது. அது பௌத்த அல்லது சமணத் தானம்.

முழுப் பெட்டிக்கு 7,500 கூட. தாளும் தூரிகைகளும் மட்டும் 4,000க்குத் தனியாகக் கிடைக்கின்றன. கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். உள்ளூர்க் கல்லைப் பார்க்க ஆசைப்பட்டால், சூரியன் சாய்ந்த பிறகு ஒரு ரோச் லைற்றைக் கல்லின் ஓரத்தில் படுக்கவைத்தது போலப் பிடித்து, நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுக்கலாம். கல்லைத் தொடத் தேவையில்லை, பல எழுத்துகள் மைப்படியில் வருவதைவிடத் தெளிவாக நிழல் விழுந்து தெரியும். எடுத்த மைப்படியின் ஓரத்தில் இடம், திகதி, கல்லின் எந்த முகம் என்பதைப் பென்சிலால் உடனே எழுத வேண்டும். காய்ந்ததும் மடிக்காமல் சுருட்ட வேண்டும். கூட வருகிற அட்டைக் குழாயை நிலத்திலோ மண்சுவர் ஓரத்திலோ வைக்கவேண்டாம், முதல் மழைக்கே கறையான் ஏறிவிடும். அரை அடி விட்டமுள்ள பிளாஸ்ரிக் குழாயொன்றை ஒரு மீற்றர் நீளத்துக்கு வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டால் காரியம் முடிந்தது.